தையில் பூஞ்சை, தீபாவளிக்கு நடவு: மரக்கன்று வளர்ப்போருக்கு ஒரு செய்முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோயில் வளாகத்துக்கும் தமிழ்ப்பள்ளித் திடலுக்கும் வேம்பு, வில்வம், புளி, மா என்று கன்று வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். விதை நன்றாக முளைக்கிறது, நாலைந்து இலை விடுகிறது, அப்புறம் இரண்டு மாதம் அப்படியே நின்றுவிடுகிறது. உரம் போட்டால் கொஞ்சம் அசைகிறது. நிறுத்தினால் மறுபடியும் நிற்கிறது. பையைக் கிழித்துப் பார்த்தால் வேரில் நோய் எதுவும் இல்லை. அந்த மண்ணில் இருக்கவேண்டிய ஒன்று இல்லை, அவ்வளவுதான்.

வீடு கட்டும் இடத்தில் ஆழமாக வெட்டியெடுத்த செம்மண் லோரியில் வந்து இறங்குகிறது. அதைத்தான் பாலிபேக்கில் நிரப்புகிறோம். அந்த அடிமண்ணில் வேர்ப்பூஞ்சை மிகக் குறைவு. செடியின் வேருக்குள் குடியேறி, வெளியே மண்ணில் நூல்போலப் பரவும் பூஞ்சை இது. உரக்கடைப் பொட்டலங்களில் மைக்கோரைசா என்று எழுதியிருப்பதும் இதைத்தான். 1885-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு பிராங்க் வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் பூஞ்சை, வேர் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து வைத்தார்.

செடிக்கு வேண்டிய பாஸ்பரஸ் சத்து மண்ணில் எளிதில் நகராது. நம் பக்கத்து அமிலச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சி முடித்ததும் செடி பட்டினி. தலைமுடியைவிட மிக மெல்லிய பூஞ்சை இழை பல சென்டிமீட்டர் தள்ளிப்போய் அங்கிருந்து எடுத்து வந்து கொடுக்கிறது. பதிலுக்குச் செடி தான் தயாரிக்கும் சர்க்கரையில் 4 முதல் 20 விழுக்காடு வரை பூஞ்சைக்குத் தருகிறது. 1972-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலுமிச்சை இன நாற்றுகளில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். நோய்க்கிருமியைக் கொல்ல மண்ணுக்குப் புகையூட்டிய நாற்றங்கால்களில் நாற்றுகள் குட்டையாகவே நின்றன. நோய்ப் பூஞ்சையோடு நல்ல பூஞ்சையும் செத்துப்போனதுதான் காரணம். வில்வமும் கறிவேப்பிலையும் அதே குடும்பம்.

எந்த மரத்துக்கு எந்தப் பூஞ்சை

இதைத் தெரியாமல் பொட்டலம் வாங்கினால் காசு வீண். வேம்பு, மா, பலா, டுரியான், புளி, எலுமிச்சை, தேக்கு, ரப்பர், செம்பனை எல்லாவற்றுக்கும் வேரின் உயிரணுவுக்குள்ளேயே நுழையும் உள்வேர்ப்பூஞ்சை வேண்டும். இது கண்ணுக்குத் தெரியாது. குடை விரித்துக் காளானாக முளைக்காது. உயிருள்ள வேர் இல்லாமல் வளராது.

மெராந்தி, செங்கால், கெருயிங் போன்ற காட்டு மரங்களுக்குத் தேவை வேறு. அவற்றின் நுனிவேரைச் சுற்றி உறைபோலப் போர்த்திக்கொள்ளும் வெளிவேர்ப்பூஞ்சைதான் அவற்றுக்குத் துணை. வேம்புக்கு வாங்கிய பொடியை மெராந்திக்குப் போட்டால் ஒன்றும் நடக்காது. மெராந்தி வளர்க்க எளிய வழி, ஏற்கெனவே நன்றாக வளர்ந்துவரும் மெராந்திக் கன்றின் பையிலிருந்து மேல்மண்ணும் சிறுவேரும் எடுத்துப் புதிய பையில் பத்தில் ஒரு பங்கு கலப்பதுதான். நிரந்தர வனக் காப்பகத்தில் போய் மண் அள்ளக் கூடாது. 1984 தேசிய வனச் சட்டப்படி மண்ணும் வனப்பொருள்தான், அனுமதி வேண்டும்.

இனி இங்கே சொல்வது முழுக்க உள்வேர்ப்பூஞ்சை பற்றி.

ஏன் தையில் தொடங்க வேண்டும்

வேப்பவிதை இரண்டு மூன்று வாரத்தில் உயிர்விட்டுவிடும். டுரியான் கொட்டை சில நாள்கூட உலரத் தாங்காது. விதை கையில் வந்த பிறகு பூஞ்சையைத் தேடினால் நேரம் இராது. தயிருக்கு உறை முன்னாடியே இருக்கவேண்டும் அல்லவா? அதுபோல, பூஞ்சை நிறைந்த மண்ணை முதலில் தயார் செய்து வைக்கவேண்டும். அதை உறைமண் என்று சொல்லிக்கொள்வோம். அது தயாராக மூன்றரை மாதம் ஆகும். பொங்கல் முடிந்து தொடங்கினால் மே மாதத்தில் கையில் இருக்கும். ஜூன், ஜூலையில் டுரியான் பருவத்து விதைகளை ஊன்றலாம். மாதக் கணக்கில் பையில் வளர்ந்த கன்றை அக்டோபர், நவம்பர் மழையில் நடலாம். வேம்பு, புளி போன்றவை அதற்குள் தயாராகிவிடும். மெதுவாக வளர்பவை அடுத்த மழைக்குக் காத்திருக்கட்டும்.

உறைமண் தயாரித்தல்

முதலில் தாய்மண். பல வருடமாக உரமோ களைக்கொல்லியோ படாத ஓர் ஓரம் வேண்டும். லாலாங் புல் அடர்ந்த மேடு, பழைய மாமரத்தடி, காட்டுச்செடி மண்டிய வாய்க்கால் கரை எல்லாம் சரி. லாலாங்கின் வேரில் இந்தப் பூஞ்சை தாராளமாக இருக்கும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு 5 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் மெல்லிய வேரோடு சேர்த்து ஒரு கிலோ மண் எடுங்கள். மூன்று நான்கு இடங்களில் எடுத்துக் கலந்தால் பூஞ்சை வகை கூடும். வேரை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாகக் கத்தரியுங்கள். எடுத்த அன்றே அல்லது மறுநாள் பயன்படுத்திவிடுங்கள்.

இரண்டு இடங்களில் மட்டும் எடுக்கவே கூடாது. ஒன்று, பட்டுப்போன ரப்பர் மரத்தடி. இன்னொன்று, அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் பிடித்த செம்பனையின் அருகு. முன்னதில் வெள்ளை வேர் நோய் இருக்கலாம், பின்னதில் கானோடெர்மா என்னும் அழுகல் பூஞ்சை. புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். வேர்ப்பட்டையோடு ஒட்டி வெள்ளைக் கயிறுபோல ஓடும் இழையைப் பார்த்து, நல்ல பூஞ்சை என்று மகிழ்ந்து அள்ளி வருகிறார்கள். நமக்கு வேண்டிய பூஞ்சை கண்ணில் படாது. கண்ணில் படும் வெள்ளைக் கயிறு ரப்பரைக் கொல்வது.

அடுத்து மணல். பத்து கிலோ ஆற்றுமணல் போதும், அதில் ஐந்நூறு கன்றுக்கு உறை கிடைக்கும். இரண்டு மூன்று முறை கழுவி, ஈரத்தோடு ஆவியில் வேகவைக்க வேண்டும். பாதியாக வெட்டிய எண்ணெய் டிரம்மில் நான்கு விரல்கடை தண்ணீர் விட்டு, மேலே கம்பித்தட்டு வைத்து, சாக்குப்பையில் மணலைக் கட்டி வைத்து மூடி, ஆவி வரத் தொடங்கியதிலிருந்து ஒரு மணி நேரம். மணலின் நடுவில் சின்ன உருளைக்கிழங்கு ஒன்றைப் புதைத்து வையுங்கள். கிழங்கு வெந்திருந்தால் சூடு உள்வரை போயிருக்கிறது என்று பொருள். மறுநாள் இன்னொரு முறை வேகவைத்தால், முதல் நாள் தப்பி முளைத்ததும் செத்துவிடும். வெயிலில் பிளாஸ்டிக் மூடிச் சுடவைக்கும் முறையும் உண்டு. ஆனால் மேகம் கூடிய நம் வானத்தில் அதை நம்ப முடியாது.

அடியில் துளையிட்ட வாளியில் முக்கால் அளவு மணல் நிரப்பி, அதன்மேல் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தாய்மண்ணையும் வேர்த்துண்டுகளையும் பரப்பி, மறுபடி இரண்டு சென்டிமீட்டர் மணலால் மூடுங்கள். முளைக்கும் வேர் அந்த அடுக்கைத் தாண்டித்தான் கீழே போகவேண்டும். அங்கேதான் பூஞ்சை அதைப் பிடிக்கும்.

ஊன்றுவது சோளம். கடையில் இளஞ்சிவப்பு நிறம் பூசி விற்கும் விதை வேண்டாம், அது பூஞ்சைக்கொல்லி பூசியது. சாயமில்லாத விதையை, ஒரு பங்கு குளோராக்ஸ் வெளுப்புநீருக்கு ஒன்பது பங்கு தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, வாளிக்கு எட்டு விதை போட்டு, முளைத்தபின் ஐந்து செடியை விட்டுவிடுங்கள். கூடவே இரண்டு தட்டைப்பயறு ஊன்றினால் நல்லது. கீரையும் சாவி என்னும் கடுகுக்கீரையும் இதற்கு ஆகாது. கடுகுக் குடும்பத்துச் செடிகள் இந்தப் பூஞ்சையைச் சேர்ப்பதில்லை, தண்டுக்கீரை இனமும் பெரும்பாலும் அப்படித்தான். வாளியைத் தரையில் வைக்காமல் செங்கல்மேல் வையுங்கள். தரையிலிருந்து அழுகல் கிருமி ஏறாது.

இரண்டு வாரத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை, ஒரு லிட்டர் தண்ணீரில் அரை கிராம் யூரியாவும் அரை கிராம் எம்ஓபி பொட்டாஷும் கரைத்து ஊற்றுங்கள். வேறு எதுவும் வேண்டாம். ஐந்தாம் வாரம் அடி இலைகளின் ஓரம் ஊதா நிறமாகத் திரும்பும். பாஸ்பரஸ் பசி அது. பயந்துபோய்க் கலப்பு உரம் போடுபவர்கள் உண்டு, போட்டால் இதுவரை செய்ததெல்லாம் போயிற்று. செடிக்குப் பசித்தால்தான் பூஞ்சைக்குக் கதவைத் திறக்கும். மேல் இலைவரை ஊதா ஏறினால் மட்டும் மெல்லக் கரையும் பாஸ்பரஸ் உரமான ராக் பாஸ்பேட் ஒரு சிட்டிகை தூவுங்கள்.

பன்னிரண்டாம் வாரம் தண்ணீரை நிறுத்துங்கள். செடி காயக் காய, பூஞ்சை தன் வித்துகளை மணலில் விட்டுவைக்கும். பதினான்காம் வாரம் தண்டை அடியோடு வெட்டி எறிந்துவிட்டு வாளியைக் கவிழ்த்துப் பாருங்கள். வேர்கள் வாளியின் உருவத்திலேயே பின்னிக்கொண்டு வரும். உதறினாலும் சில மணல்துகள்கள் வேரைவிட்டு விழாது, கண்ணுக்குத் தெரியாத இழையில் தொங்கும். வேரைப் பொடியாகக் கத்தரித்து மணலோடு கலந்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வேண்டாம். பையில் கட்டிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் மூன்று நான்கு மாதம் தாங்கும், குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு வருடம் வரை.

கடையில் வாங்கினால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். பூஞ்சையின் பெயர், ஒரு கிராமில் எத்தனை வித்து, காலாவதித் தேதி மூன்றும் இருக்கவேண்டும். கூடவே உரம் கலந்திருந்து, அதன் மூன்று எண்களில் நடு எண் பெரிதாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். நடு எண் பாஸ்பரஸ்.

விதைக்கும் நாள்

பை 6 அங்குலம் அகலம், 9 அங்குலம் உயரம். மேல்மண் மூன்று பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு. கோழி எரு வேண்டாம். ஊரில் மலிவாகக் கிடைக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அதில் பாஸ்பரஸ் மிக அதிகம். எண்ணெய் ஆலையில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் காலிக் குலையை மக்கவைத்த உரம் இதற்கு நல்லது. சூடு முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

விதை ஊன்றும் இடத்தில் மூன்று சென்டிமீட்டர் குழி செய்து, ஒரு மேசைக்கரண்டி, ஏறத்தாழ 20 கிராம், உறைமண் போட்டு, மேலே விரலளவு மண் தூவி விதையை வையுங்கள். முளைத்த கன்றைப் பையில் மாற்றுவதானால், ஈரவேரின்மேல் படும்படி குழிக்குள்ளே போடவேண்டும். மண்மேல் தூவித் தண்ணீர் விட்டால் போதாது. வேரில் படாத பூஞ்சை பயன்படாது.

நூறு பை போட்டால் பத்துப் பையை உறைமண் இல்லாமல், மற்றதெல்லாம் ஒன்றாக வைத்து வளருங்கள். அந்தப் பத்தும் இல்லாவிட்டால், உங்கள் பூஞ்சை வேலை செய்ததா என்று எவராலும் சொல்ல முடியாது.

தண்ணீர், நிழல், உரம்

முதல் ஐந்தாறு வாரம் பூஞ்சை சேர்த்த கன்று மற்றதைவிடச் சற்றுச் சிறிதாகக்கூட இருக்கும். சர்க்கரையைப் பங்கு கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்காக உரத்தை அள்ளிப் போடாதீர்கள். கடைகளில் எல்லாரும் வாங்கும் நீல நிறக் கலப்பு உரம் 12:12:17, பச்சை 15:15:15. இரண்டிலும் பாஸ்பரஸ் தாராளம். வாரந்தோறும் போட்டால் கன்று கொழுகொழுவென்று இருக்கும், வேரில் பூஞ்சை இராது. திடலில் நட்டு உரம் நின்ற மாதமே தள்ளாடும். பைக்கு அரைத் தேக்கரண்டி ராக் பாஸ்பேட் மண்ணிலேயே கலந்துவிட்டு, இரண்டு மாதத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை மிகச் சிறிய அளவு யூரியாக் கரைசல் போதும்.

பூஞ்சைக்குக் காற்று வேண்டும். பையின் துளைகள் அடைத்து அடியில் தண்ணீர் நின்றால் அது மூச்சுத் திணறிச் சாகும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. கறுப்பு வலை பாதி வெயிலை விடும் வகையாக இருக்கட்டும். கடும் நிழலில் செடிக்கே சர்க்கரை போதாது, பூஞ்சை சுமையாகிவிடும்.

நாற்றழுகல் வந்ததும் கைக்குக் கிடைத்த மருந்தை ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. கார்பென்டசிமும் பெனோமிலும் நல்ல பூஞ்சையையும் தாக்கும். மருந்துக்குப் போகும் முன் டிரைக்கோடெர்மாவை நினையுங்கள்.

டிரைக்கோடெர்மா வேறு வேலை செய்வது

இது வேருக்குள் போய்ப் பாஸ்பரஸ் கொண்டுவரும் பூஞ்சை அல்ல. பித்தியம், ரைசோக்டோனியா போன்ற அழுகல் கிருமிகளோடு போட்டியிட்டு, சிலவற்றைத் தின்றும் அழிக்கும் காவல்காரப் பூஞ்சை. மக்கிய பொருளில் தனியாகவே வளரும், அதனால் வீட்டிலும் பெருக்கலாம். மூன்று பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர் வைத்து அரைவேக்காடாக வேகவைத்து, சூட்டோடு சுத்தமான பிளாஸ்டிக் பையில் பாதியளவு போட்டு மூடுங்கள். முழுக்க ஆறியபின் நல்ல டிரைக்கோடெர்மாப் பொடி ஒரு தேக்கரண்டி போட்டுக் குலுக்கி, வாயைக் காற்றோடு கட்டி, ஊசியால் நாலைந்து துளை குத்தி நிழலில் வையுங்கள். முதலில் வெள்ளையாகப் படர்ந்து, ஏழாம் நாள் கரும்பச்சையாகும். ஆரஞ்சு, கறுப்பு, மஞ்சள் எது தெரிந்தாலும் பையைத் திறக்காமல் புதைத்துவிடுங்கள். மஞ்சள் பச்சையாக இருப்பது நச்சு தரும் அஸ்பர்ஜில்லஸாக இருக்கலாம். பச்சைப் பையைக் கையாளும்போதும் முகக்கவசம் வேண்டும், சமையலறைப் பக்கம் வேண்டாம்.

பச்சைப் பூஞ்சை படர்ந்த இந்த அரிசியில் நூறு கிராமைப் பத்து கிலோ ஆறிய மக்கு உரத்தில் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கவும் தண்ணீர் சொட்டாமலும் இருக்குமளவு ஈரத்தில், சாக்கு மூடிப் பத்து நாள் வையுங்கள். அந்த உரத்தைப் பைமண்ணில் கலந்தபின், உறைமண்ணை விதையின் அடியில் தனியாகப் போடுங்கள்.

வேரைத் திறந்து பார்த்தல்

எட்டாம் வாரம் தாண்டியதும் ஒரு கன்றைத் தியாகம் செய்யுங்கள். தமிழ்ப்பள்ளியிலோ இடைநிலைப்பள்ளியிலோ நுண்ணோக்கி இருந்தால், அறிவியல் ஆசிரியர் முன்னிலையில் இதைச் செய்யலாம். நுனிவேர்களைக் கழுவி, 100 மில்லிலிட்டர் தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைத்து, அதில் போட்டு வெந்நீர்த் தொட்டியில் வேர் வெளுக்கும்வரை வையுங்கள். அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். தோலையும் கண்ணையும் அரிக்கும் கரைசல் இது. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது, பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது. வேரை அலசி, சிறிது வினிகரில் நனைத்து, 95 மில்லிலிட்டர் வெள்ளை வினிகரில் 5 மில்லிலிட்டர் பேனா மை கலந்து மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். பிறகு சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் இருபது நிமிடம் ஊறினால் வேரின் மை போய்விடும், பூஞ்சையின் மை நிற்கும்.

நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், வெளிறிய வேருக்குள் உயிரணு வரிசைகளுக்கு நடுவே மைநிற இழைகள் ஓடும். சில உயிரணுவுக்குள் குட்டி மரம் கிளைத்தது போன்ற உருவம், அங்கங்கே முட்டை வடிவப் பைகள். அந்தக் குட்டி மரத்தில்தான் பாஸ்பரஸும் சர்க்கரையும் கைமாறுகின்றன. நிலத்துச் செடிகளின் 40 கோடி வருடப் பழைய புதைபடிவங்களில்கூட இதே உருவத்தைக் கண்டிருக்கிறார்கள். ஒன்றும் தெரியாவிட்டால் மூன்றை விசாரியுங்கள்: உறைமண் பழசா, வேரில் பட்டதா, மண்ணில் உரம் மிகுதியா. பெரும்பாலும் மூன்றாவதாகத்தான் இருக்கும்.

நடவு

நடுவதற்கு மூன்று வாரம் முன்பே வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கி வெயிலுக்குப் பழக்குங்கள். ஓரடி அகல, ஓரடி ஆழக் குழியின் அடிமண்ணில் 100 கிராம் ராக் பாஸ்பேட் கலந்து, பையை மட்டும் அறுத்தெடுத்து, மண்ணுருண்டை உடையாமல் இறக்குங்கள். மண்ணை உதறி வேரைக் கழுவி நடுபவர்கள், இத்தனை மாதம் வளர்த்த இழைகளை அறுத்தெறிகிறார்கள். கன்றைச் சுற்றி இரண்டடிக்குக் களையைக் கையால் பிடுங்கி அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். அதற்கு வெளியே புல் இருக்கட்டும், அதன் வேரிலும் அதே பூஞ்சைதான் உயிரோடு இருக்கும்.

உறைமண்ணில் ஒரு கிலோ மிச்சம் வைத்தால் அடுத்த தையில் அதுவே தாய்மண். அப்படியே மூன்று சுற்றுக்கு மேல் ஓட்ட வேண்டாம். வாளிச் சோளத்துக்குப் பழகிய வகைகள் மட்டும் மிஞ்சி, மற்றவை மெல்லக் காணாமல் போகும். நான்காம் வருடம் லாலாங் மேட்டிலிருந்து ஒரு கிலோ புதிதாக எடுத்துச் சேருங்கள்.